ஐந்து ஓலை, ஆறு பக்கம்

"போன தடவை மாதிரி எழுத்தெல்லாம் பூச்சி பூச்சியா வந்துச்சுன்னா, சனம் என்னையப் பாத்துத்தான் சிரிக்கும் தம்பி," என்றார் உபதேசியார் வேதநாயகம்.

"இனிமே வராதுய்யா," என்றான் கோயிலுக்கு ப்ரோக்ராம் எழுத வந்திருக்கும் பிரிட்டோ, கம்ப்யூட்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இந்தத் தமிழ் எழுத்து பிரிண்ட் போடுற கடையில இல்ல. அதான் அங்க போனதும் பூச்சியாயிருச்சு. இப்ப ப்ரோக்ராம்ல ரெண்டு வரி சேத்திருக்கேன். பட்டனை அமுக்குனா ஒவ்வொரு திரையும் படம் புடிச்ச மாதிரி ஒரு பக்கமா பி.டி.எஃப். ஃபைல்ல விழுந்துரும். இங்க என்ன தெரியுதோ அதுதான் அங்கயும் வரும்."

அந்தக் கடற்கரைக் கத்தோலிக்கக் கோயிலின் பங்கு அலுவலகத்தில் பிரிண்டர் கிடையாது. ஓலைகளை ராமேஸ்வரத்தில் ஒரு கடையில் கொடுத்துத்தான் அச்செடுக்க வேண்டும். ஓலை என்றதும் பனைமரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாம். கல்யாணம் நிச்சயமானவர்களின் பேரையும் ஊரையும் மூன்று ஞாயிறு கோயிலில் வாசித்து, 'தடை தெரிந்தவர்கள் சொல்லலாம்' என்று கேட்பார்களே, அதற்குத்தான் அந்தக் கரையில் ஓலை என்று பேர்.

உபதேசியார் மணியடிக்கப் போனதும், அலுவலகத்தில் டைப் அடிக்கும் லீமாரோஸ் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டாள். இரண்டு மாதத்தில் முடிய வேண்டிய ப்ரோக்ராம் எட்டு மாதமாக முடியாமல் கிடக்கிறது. அதைப் பற்றி அவளுக்கு ஒரு புகாரும் இல்லை.

"திங்கக்கிழமை முதல் பஸ், மறந்துராத," என்றான் அவன், குரலைத் தணித்து. "மதுரையில வக்கீல்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன். ரிஜிஸ்டர் பண்ணிட்டு வந்து உங்கய்யா கால்ல விழுந்துருவோம்."

"நமக்கும் ஓலை வாசிச்சு, கோயில்லயே கட்டிக்கிட்டா என்ன? எங்கய்யாகிட்ட நான் பேசுறேன்."

"எங்கப்பா சம்மதிக்க மாட்டாரு லீமா. ஓலை வாசிச்சா அவருக்குச் சேதி போயிரும். எத்தனை தடவைதான் சொல்றது?"

அவள் துணிப்பையைக் கட்டிலுக்கடியில் தயாராக வைத்திருக்கிறாள். பெற்ற அய்யாவுக்குத் தெரியாமல் போகப் பிடிக்கவில்லை. ஆனால் இவனை விட்டுவிடவும் மனசு வரவில்லை.

போன் வந்து அவன் வெளியே போனான். திரையில் ஐந்து ஓலைகள் வரிசையாக இருந்தன. ஆறாவது கட்டம் காலியாக இருந்தது. லீமாரோஸுக்குக் கை சும்மா இருக்கவில்லை. 'மணமகன்: பிரிட்டோ, த/பெ சவேரியார், வேம்பார்' என்று அடித்தாள். மணமகள் இடத்தில் தன் பேரையும், அய்யா பேரையும், ஊரையும் அடித்தாள். கோயிலில்தான் கொடுத்து வைக்கவில்லை, திரையிலாவது இருக்கட்டுமே! புதுப் பட்டனையும் அமுக்கிப் பார்த்தாள். அழகாக வேலை செய்தது.

உள்ளே வந்த பிரிட்டோவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்ன வேலை பாத்திருக்க? அழி முதல்ல!"

"சும்மா மாதிரிக்கு அடிச்சேன். அதுக்கு ஏன் இந்தக் குதி குதிக்கிறீக?" என்று சிரித்துக்கொண்டே அழித்தாள். ஆம்பளைக்கு இவ்வளவு வெட்கமா என்று அவளுக்கு வேடிக்கையாகக்கூட இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று உபதேசியார் வாசலில் வந்து நிற்கவும், ஃபைலைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தனுப்பினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கோயில் பாதிரியாரான பங்குச்சாமி ஊரில் இல்லை. பூசை வைக்க வெளியூரிலிருந்து ஒரு இளஞ்சாமி வந்திருந்தார். ஐந்து ஓலைகளை வாசித்து முடித்தவர், ஆறாவது தாளையும் புரட்டினார்.

"வேம்பாரைச் சேர்ந்த சவேரியார் மகன் பிரிட்டோவுக்கும்..."

லீமாரோஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரையில் அழித்தாளே தவிர, அதற்கு முன்பே படமாக விழுந்துவிட்ட பி.டி.எஃப்.பை அவள் தொடவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பக்கத்தில் இருந்த அம்மா அவள் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். ஆண்கள் பக்கத்தில் அய்யா எழுந்து நின்றுவிட்டார்.

பூசை முடிந்ததும் அலுவலகத்தில் பஞ்சாயத்து கூடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிட்டோ அந்தப் பக்கம் வருவதில்லை.

"எம் மக பேரை எவன் பேரோடயோ சேத்து வாசிச்சிட்டீகளே சாமி, இனி எவன் வந்து பொண்ணு கேப்பான்?" அய்யாவின் குரல் உடைந்தது.

"மாதிரிக்கு அடிச்சதுய்யா. அழிக்க விட்டுப்போச்சு," என்றாள் லீமாரோஸ், தரையைப் பார்த்தபடி.

"நானும் பாக்காம மடிச்சுக் கொண்டாந்துட்டேன்," என்று உபதேசியார் தலையைச் சொறிந்தார்.

"சரி, அடுத்த ஞாயிறு அது தப்புன்னு சொல்லிருவோம்," என்றார் இளஞ்சாமி.

அடுத்த ஞாயிறு வரை யார் இங்கே இருக்கப் போகிறார்கள்? விடிந்ததும் முதல் பஸ். தாலியோடு திரும்பி வந்து நின்றால் எல்லார் வாயும் அடங்கிவிடும் என்று லீமாரோஸ் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அப்போது வாசலில் ஒரு பெண் தயங்கி நின்றாள். மூன்று கல் தள்ளியுள்ள குப்பத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் வருகிறவள்.

"சாமி, எம் பேரு புஷ்பமேரி. வேம்பாருல இருந்து இங்கன வாக்கப்பட்டு வந்தவ. கடைசி ஓலையில ஒரு தப்பு இருக்கு."

"தெரியும்மா. அது சும்மா மாதிரிக்கு அடிச்ச பேரு."

"மாப்பிள்ளை பேரு சரிதான் சாமி, அவுகப்பா பேரும் சரிதான். பொண்ணு பேருதான் மாறிப்போச்சு. அந்தப் பிரிட்டோ எங்க சின்னம்மா மகளைக் கட்டுனவரு. போன மாசம் அவுக ரெண்டாவது பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப, ஞானத்தாயா நின்னவளே நான்தான்."