திருத்தப் போன ரத்தம்

ஆய்வுக்கூடத்தில் இரண்டு குழாய்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்றில், கரு பலமுறை கலைந்து மறுபடியும் உண்டாகியிருந்த ஒருத்தியின் ரத்தநீர். மற்றதில் நோயில்லாதவர்களின் ரத்தநீர்.

"நேரத்துக்கு உறையக்கூடத் தெரியாதாமே உனக்கு. என்னில் பாதியை உன்னோடு கலக்கப்போகிறார்கள். திருத்திக் காட்டுகிறேன்" என்றது நல்ல ரத்தம்.

"எனக்குள் ஒருத்தன் இருக்கிறான் அண்ணே. சொந்த வீட்டையே அடிக்கிறவன்."

"என்னிடம் வாலாட்டுவானா?"

கலந்தார்கள். வெகுநேரமாகியும் கலவை உறையவில்லை.

"என்ன அண்ணே, திருத்தியாச்சா?" என்றது உறைவதைப் பார்க்கும் கருவி.

"இவளோடு சேர்ந்து நானும் கெட்டேன்."

"அதற்குத்தானே ஊற்றினார்கள். உறையவைக்கும் சத்து வெறுமனே குறைந்திருந்தால் உம்மால் தீர்ந்திருக்கும். நீரும் கெட்டதால்தான் கருவைக் கலைக்கிற எதிரி உள்ளே இருப்பது தெரிந்தது. இனி அந்தப் பெண்ணுக்குச் சரியான மருந்து கொடுப்பார்கள். வயிற்றில் இருப்பது பிழைக்கலாம்."

பழைய குழாயில் மிச்சமிருந்த நல்ல ரத்தத்தின் மறுபாதிக்கு இதெல்லாம் நன்றாகவே கேட்டது. பக்கத்தில் புதிதாக ஒரு குழாய் வந்து நின்றதும் அது தொண்டையைச் செருமிக்கொண்டது.

"பயப்படாதே. உனக்கு முன்னால் வந்தவளைத் திருத்தி அனுப்பியவன் நான்தான்."