பேசிக் காட்டும் விளையாட்டு

"அப்பா, புல்லியிங்னா என்ன?" என்று கேட்டாள் ஏழு வயது அட்லின்.

"ஒருத்தரத் திரும்பத் திரும்ப நோகடிக்கது மக்கா," என்றார் வில்சன்.

"அவங்களும் சேந்து சிரிச்சா?"

"அப்போ வெளையாட்டுல்லா!"

"ஒரு ஆளு வாயத் தொறந்தாலே, இன்னொரு ஆளு அதே ராகத்துல பேசிக் காட்டும். எல்லாரும் சிரிப்போம். மொதல்ல அந்த ஆளும் சிரிச்சு. இப்போ பேசவே மாட்டேங்கு."

வில்சன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ அது வெளையாட்டு இல்ல, புல்லியிங்தான். யாருட்டி அது? நாளைக்கே ஸ்கூலுக்கு வாறேன்."

"ஸ்கூல்ல இல்லப்பா."

அட்லின் அடுக்களைப் பக்கம் பார்த்தாள். அங்கே அவளுடைய அம்மா ஷைனி, சத்தமின்றித் தோசை சுட்டுக்கொண்டிருந்தார். கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளையில் பிறந்தவர். தண்ணீரை அவர் 'வெள்ளம்' என்று சொல்லும்போதெல்லாம், வில்சன்தான் நாகர்கோவில் உறவினர் முன்னால் இழுத்து இழுத்துப் பேசிக் காட்டுவார்.

வில்சன் மெல்ல எழுந்து அடுக்களைக்குச் சென்றார்.

"ஷைனி, இனி பேசிக் காட்ட மாட்டேன். நீ ஒனக்க பேச்சயே பேசு."

ஷைனி அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார். அதில் கேலி இல்லை.

"குடிக்கதுக்கு வெள்ளம் வேணுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தா," என்றார் வில்சன்.