உழைப்புக்குக் கிடைத்த கட்டு

மாலை வெயில் குடிநீர் அலுவலகத்தின் சன்னல் வழியே சாய்ந்து கேக்கின்மேல் விழுகிறது. பதவி உயர்வில் தலைமை அலுவலகம் போகிற ‘கொட்டாவி’ பொறியாளர் அதை வெட்டுகிறார், எல்லோரும் கைதட்டுகிறார்கள். அதே உயர்வுக்குக் காத்திருந்த இன்னொரு பொறியாளரான அவள், பல்லைக் கடித்தபடி சுவரோரம் நிற்கிறாள். அதிகாரி அருகில் வந்து குரலைத் தாழ்த்துகிறார். “கோவிச்சுக்காதம்மா. அவன் இருந்தாலும் ஒண்ணுதான், போனாலும் ஒண்ணுதான். உன்னை அனுப்பிட்டா இங்க யாரு வேலை பாக்குறது? உழுகிற மாட்டை யாராவது அவிழ்த்து விடுவாங்களா?”

“அப்ப இத்தனை வருஷமும் நானும் கொட்டாவி விட்டிருக்கணும், இல்லையா சார்?”

அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். பாராட்டிவிட்டதாகவே நினைக்கிறார். அவள் கையில் காகிதத் தட்டு நசுங்கி, விரலிடுக்கில் க்ரீம் வழிகிறது. தொலைபேசி அலறுகிறது. எடுத்த எழுத்தர் அங்கிருந்தே கத்துகிறார்: “அக்கா, மேட்டுத் தெருவுக்குத் தண்ணி ஏறலையாம். எந்த வால்வைத் திறக்கச் சொல்ல?” வழக்கம்போல அறை முழுவதும் அவள் பக்கம் திரும்புகிறது. அதிகாரிகூட நிம்மதியாகத்தான் பார்க்கிறார். அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைக்கிறாள், அவசரமே இல்லை.

“எனக்குத் தெரியாதுப்பா” என்கிறாள்.