இசக்கியம்மாள் முடித்த வாக்கியம்

பணகுடியில் ஒரு பள்ளிக்கூடத்தின் எல்லா வகுப்புகளிலும், யாராவது பேசும்போது திக்கினால் சுவரில் இருக்கும் திரை மீதி வாக்கியத்தைச் சொல்லி முடித்துவிடும். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும், திக்குவாய் உள்ள இசக்கியம்மாள் மூன்று வருடமாக வகுப்பில் ஒரு வாக்கியத்தைக்கூடத் தானாக முடித்ததில்லை. யாரும் அவளைக் கேலி செய்ததும் இல்லை.

அன்று தமிழ் வகுப்பில் அம்மாவின் வேலையைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

“எங்கம்மா கா... கா...”

“என் அம்மா காய்கறி விற்கிறார்” என்றது திரை, அவளுடைய குரலிலேயே. முழு மதிப்பெண்ணும் போட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இசக்கியம்மாள் உட்காரவில்லை. நேராகப் போய்த் திரையின் சுவிட்சை அணைத்தாள்.

“என்னட்டி செய்யுத?” என்றார் ஜெசிந்தா டீச்சர்.

“நா... நானே சொல்லுதேன் டீச்சர்.”

வகுப்பு காத்திருந்தது. அவள் கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது.

“எங்கம்மா கா... காத்தாடி உச்சில ஏறி ரி... ரிப்பேர் பாக்கா.”

ஊரைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளை எல்லோரும் தினமும் பார்க்கிறார்கள். அவற்றில் ஏறுகிறவர்களில் ஒருத்தி இவள் அம்மா என்று ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

“அங்கன இருந்து பாத்தா கடல் தெரியுமா?” என்று கேட்டான் பின்வரிசை செல்வின்.

“தெ... தெரியும்” என்றாள் நிமிர்ந்து நின்று. அடுத்தடுத்துக் கைகள் உயர்ந்தன.

மணி அடித்தது. அவள் இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.