ஆறு நாள் அதிகம்

பொய் சொல்பவர்களின் கண்ணைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, காதைப் பார்க்க வேண்டும் என்பது ஜவாதின் கொள்கை. கண் நடிக்கும், காது நடிக்காது, சிவந்துவிடும். காசாபிளாங்காவில் ஓர் ஐரோப்பியத் துணைத் தூதரகத்தின் விசாப் பிரிவில் உட்கார்ந்துகொண்டு அவன் பல வருடங்களாகக் காதுகளைப் பார்த்துச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தான்.

அன்று கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஒரு தாயும் மகனும். தாய் பத்தூல், ஊரே மரியாதையாக 'லல்லா' என்று கூப்பிடும் அம்மா, கல்யாணப் பெண்களை அலங்கரிப்பதில் பேர்போனவள். அவள் கை படாமல் அந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணும் மணமேடை ஏறுவதில்லை. மகன் ஸுஹைருக்கு ஆண்ட்வெர்ப்பில் வேலை. அம்மாவுக்கு ஐரோப்பா போக ஷெங்கன் விசா வாங்குவதற்கென்றே லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். அழைப்புக் கடிதம், காப்பீடு, சம்பளச் சீட்டு என்று சீர்வரிசை மாதிரி அடுக்கினான்.

கேள்விக்கெல்லாம் மகனே பதில் சொன்னான். பத்தூல் சுவரிலிருந்த ஐரோப்பா வரைபடத்தைக் கொட்டாவியோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜவாத் அவளுடைய பாஸ்போர்ட்டைப் புரட்டினான். போன பயணத்தின் முத்திரையில் விரல் நின்றது.

"லல்லா, போன தடவை அங்கே எவ்வளவு நாள் இருந்தீங்க?"

"சரியா தொண்ணூறு நாள் சார்," என்றான் ஸுஹைர்.

"நான் அம்மாவைக் கேட்டேன்."

"அதுல என்ன போட்டிருக்கோ அதான் தம்பி," என்றாள் பத்தூல்.

"இதுல போட்டிருக்கிறபடி பார்த்தா ஆறு நாள் அதிகம்."

ஸுஹைர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டான். "சான்ஸே இல்ல சார். கடைசி நாள் நானே கூட்டிட்டுப் போய் பிளேன் ஏத்திவிட்டேன்."

"உட்காருங்க. ஆறு மாசத்துல தொண்ணூறு நாள், அதுக்கு மேல ஒரு நாள் தங்கினாலும் தப்புதான். அடுத்த விசா கிடைக்காது. சில பேருக்கு வருஷக்கணக்குல தடையே விழும்."

சொல்லிக்கொண்டே அடுத்த பக்கத்தைத் திருப்பியவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"பதினேழாம் தேதி பிரஸ்ஸல்ஸ் ஏர்போர்ட்ல இருந்து கிளம்பினவங்க, பதினொன்னாம் தேதியே இங்கே காசாபிளாங்காவுல இறங்கியிருக்கீங்க. அது எந்த விமானம் லல்லா? எனக்கும் ஒரு டிக்கெட் சொல்லி வைங்க."

மகன் வாயைப் பிளந்தான். ஜவாத் அவன் காதைப் பார்த்தான், வெளுத்துப்போயிருந்தது. அம்மாவின் காதைப் பார்க்கலாமென்றால் முக்காடு மறைத்தது. ஆனால் கன்னம் நன்றாகவே சிவந்திருந்தது.

மகனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பத்தூலை உள்ளறைக்கு அழைத்துப் போனான்.

கூடுதலாகத் தங்கியதை மறைக்கக் காசாபிளாங்கா முத்திரையைப் போலியாகக் குத்தியிருக்கிறார்கள். இதுதான் அவனுடைய முதல் கணக்கு. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தான். அந்த முத்திரை சொக்கத் தங்கம்.

அப்படியானால் பிரஸ்ஸல்ஸ் முத்திரை. அதில் விரலை ஈரப்படுத்தித் தேய்த்தான். பதினேழின் ஏழு வழுக்கிக்கொண்டு வந்து ஒன்றாக நின்றது. விரல் நுனியில் கறுப்பாக ஒட்டியதை முகர்ந்தான். கண் மை.

ஜவாதுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பத்தூல் பதினொன்றாம் தேதியே வந்துவிட்டாள். அவள் பெயரில் இன்னொரு பாஸ்போர்ட் தயாராகி, வேறு எவளோ ஒருத்தி பதினேழாம் தேதி அங்கிருந்து கிளம்பியிருக்கிறாள். இரண்டையும் பொருத்திக் காட்டத்தான் இந்தத் திருத்தம். ஆள் கடத்தும் கும்பல். அங்கே தலைவன் மகன், இங்கே கூட்டாளி தாய். இதைப் பிடித்ததற்குப் பதவி உயர்வே கிடைக்கலாம்.

"லல்லா, உங்க மகன் இனி ஆண்ட்வெர்ப் திரும்ப முடியாது. வாசல்லேயே போலீஸ் கூட்டிட்டுப் போகும். உங்க பேர்ல போன அந்தப் பொம்பளை யாரு?"

"எந்தப் பொம்பளை?"

"தேதியைத் திருத்திக் கொடுத்தது உங்க மகன்தானே?"

"அவனா? அவனுக்கு ஒரு நேர்கோடு போட வருமா? நான்தான் திருத்தினேன் தம்பி. தினம் பொண்ணுங்களுக்கு மை எழுதுற கை. ஒன்னுக்குத் தலையில ஒரு கோடு இழுத்தா ஏழு. காபி ஆறுறதுக்குள்ள முடிஞ்சது. இந்த ஊர் முத்திரையிலும் தேதி இருக்கும்னு தோணலை, அதுதான் என் முட்டாள்தனம்."

ஜவாத் பேனாவைக் கீழே வைத்தான். "ஒழுங்கா இருந்துட்டு வந்தவங்க எதுக்கு அதிகம் தங்கினதா காட்டணும்? உங்களுக்குத்தானே விசா கிடைக்காமப் போகும்?"

பத்தூல் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு குரலை இறக்கினாள்.

"பெத்த புள்ள கூப்பிடும்போது வரமாட்டேன்னு நான் எப்படிச் சொல்றது? நீங்க சொன்னா அவன் கேட்டுக்குவான். போன கோடையில இங்கே பதினாலு கல்யாணம் கை நழுவிப் போச்சு. அங்கே மூணு வாலுங்க. குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்கவச்சு, நான் நிமிர்ந்தா மருமக அப்போதான் எழுந்து வருவா. நான் பார்த்த ஐரோப்பா அவ்வளவும் வாஷிங் மெஷின் கதவு வழியாத்தான் சுத்திச்சு."

ஜவாத் நிராகரிப்பு முத்திரையைக் கையில் எடுத்தான். பத்தூலின் முகம் கல்யாணப் பெண்ணைப் போல மலர்ந்தது. முத்திரை கீழே இறங்குமுன் அவன் மணிக்கட்டை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

"தடை ரெண்டு வருஷத்துக்குத்தான்னு சொல்றாங்க தம்பி, அதை ஒரு அஞ்சா ஆக்க முடியுமா பாருங்களேன், மருமகளுக்கு இந்தத் தடவை ரெட்டையாம்."