பேர் சொல்லாதவள்

மூச்சுக்குழாய் செல்களைப் படித்த கருவி, பூரணி இருபத்திரண்டு வருடம் சிகரெட் குடித்தவள் என்றது. அவள் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை. குடித்ததெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் மாசானம்.

"கிருமியத் தடுக்கிற செல்லெல்லாம் பொசுங்கிக் கெடக்கும்மா," என்றாள் நர்ஸ். "நீங்க குடிச்சதுன்னா புது நுரையீரல் கிடையாது. அடுத்தவங்க புகைன்னா உண்டு. ஆனா அவங்க பேரை இந்த மைக்கில நீங்களே சொல்லணும். அப்புறம் அவங்களுக்கு எந்த ஆஸ்பத்திரியிலயும் வைத்தியம் பாக்க மாட்டாங்க."

மாசானம் வந்த இருமலை விழுங்கினான். தாலி கட்டிய நாளிலிருந்து அவள் அவன் பேரை வாயால் சொன்னதில்லை. இன்றும் சொல்லமாட்டாள் என்று நம்பினான்.

"நான்தான் குடிச்சேன்," என்றாள் பூரணி.

நர்ஸ் அவனைப் பார்த்தாள். "அப்படியாய்யா?"

"ஆமாம்மா," என்றான் மாசானம். "எத்தனையோ தடவ சொன்னேன், கேக்கவே இல்ல."