காத்தாயியின் வாரிசு

இறந்தவர்களைப் பற்றி எழுத அவர்களுடைய வாரிசுகள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். வாரிசு இல்லாதவர்களை ஆய்விலிருந்து நீக்கிவிட வேண்டும். இளம் வரலாற்றாய்வாளர் உதவித்தொகைக்கு அதுதான் விதி. எமிமாவுக்கு அடுத்த மாதம் முப்பது வயது முடிகிறது. அதன்பிறகு விண்ணப்பிக்க முடியாது.

அவளுடைய ஆய்வு முழுவதும் ஒரு தேயிலைத் தோட்ட மருத்துவமனைப் பதிவேட்டின் ஒற்றை வரியில் நின்றது: காத்தாயி, வயது பத்தொன்பது, நிறைமாதம், கங்காணி உதைத்ததில் பிள்ளையோடு இறந்தாள்.

கங்காணியின் எள்ளுப்பேரன் தெய்வசிகாமணி, பொள்ளாச்சியில் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, வடையைத் தின்றுகொண்டே அவளுடைய விண்ணப்பத்தில் அந்த வரியைப் படித்தார்.

“உதைத்ததில்னு வேண்டாமுங்க அம்மிணி. வழுக்கி விழுந்ததில்னு மாத்துங்க, போட்டுத் தர்றேன்.”

“மாத்தினாலும் காத்தாயி பக்கம் கையெழுத்துப் போட யாருமே இல்லீங்க.”

“அட, அதையும் நானே போட்டர்றேன். அந்தப் புள்ளைய அப்படியே உட்டுர முடியுங்களா? பாவமல்லங்க.”

எமிமா பேனாவை எடுத்து வரியைத் திருத்தினாள். அவர் எண்ணெய் விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டு கங்காணிக்கான முதல் தாளில் கையெழுத்திட்டார். காத்தாயிக்கான இரண்டாவது தாளில் தயங்கினார்.

“உறவுமுறைன்னு கேக்குதுங்களே? எள்ளுப்பேரன்னே போட்டுக்கறேன். ரெண்டுலயும் ஒண்ணாவே இருக்கட்டும்.”

வயிற்றிலேயே செத்த பிள்ளையின் வம்சம் தழைத்துவிட்டது. மை காய்வதற்காக எமிமா தாளை மெல்ல ஊதினாள்.

“ரொம்ப நன்றிங்க” என்றாள்.